கிழக்குப் பார்த்த சோபா

வைகாசி மாதம் சிவகாசி அச்சகத்துக்குப் போய், கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதையாவது அடித்துக் கொடுங்கள் என்று கேட்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து தோசை கேட்பதைப் போன்றது. கொடுப்பார்கள். ஆனால் அதன் மேலும் பாயசம் ஊற்றித்தான் கொடுப்பார்கள்.

விருதுநகர் கால்பந்துக் கழகத்தின் காரியதரிசி சங்கரபாண்டியன் இதை யோசிக்கவில்லை. டோர்னமென்ட் சீசன் தொடங்குமுன் மதுரையிலிருந்து ஒரு மில் அணியை வரவழைத்து, நம்மூர் லெவனோடு ஒரு காட்சிப் போட்டி ஆடவிடுவது என்று கழகம் முடிவு செய்திருந்தது. பிரமுகர்களுக்கு அழைப்பு அடிக்க வேண்டும். விஷயத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். அச்சுக் கோக்கிறவரோ, அந்த மாதம் முழுவதற்கும் கோத்துக் கட்டி வைத்திருந்த கல்யாண வாசகத்தைக் கலைக்க மனமில்லாமல், வேண்டிய இடத்தில் மட்டும் எழுத்தை மாற்றினார். மஞ்சள் அட்டையில், மேலே பிள்ளையார் சுழியோடு, பத்திரிகை வந்து சேர்ந்தது:

"நிகழும் மங்களகரமான பிலவ வருஷம் வைகாசி மாதம் வெள்ளிக்கிழமை மாலை 4½ மணிக்கு மேல் 6 மணிக்குள் சுபமுகூர்த்தத்தில், மதுரை மில் அணிக்கும் விருதுநகர் லெவன் அணிக்கும் கால்பந்துப் போட்டி நடத்தப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டிருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து ஆட்டக்காரர்களை ஆசீர்வதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

சங்கரபாண்டியன் இரண்டு தடவை படித்தார். "பெரியவக சேர்ந்துதான நிச்சயம் பண்ணுனோம்? தப்பு ஒண்ணுமில்லையே" என்று சொல்லி, பத்திரிகைகளை அனுப்பிவிட்டார்.

அதில் ஒன்று திருத்தங்கலில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குப் போனது. கோல் விழும்போது போட அவுட்டு வெடிகளை இனாமாகக் கொடுத்தவர் அவர். வெடி கொடுக்கத் தயாராக இருந்தாரே தவிர, அது வெடிக்கும்வரை உட்கார்ந்து ஆட்டம் பார்க்கத் தயாராக இல்லை. பத்திரிகையைத் தம்முடைய போர்மேனிடம் நீட்டி, "ஊர்க்காவலா, எனக்குப் பதிலா நீ போய் உக்காரு. சோபாப் பாஸு" என்றார்.

ஊர்க்காவலன் என் அக்காள் முருகம்மாளின் புருஷன். எனக்கு மச்சான். திருத்தங்கலில் அவர் வீட்டில் தங்கித்தான் நான் விருதுநகர் காலேஜில் படித்து வந்தேன். படித்து வந்ததாக அக்காள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

மச்சான் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

விருதுநகர் மைதானத்தில் தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று நாலு ஜாதி டிக்கெட் உண்டு. மச்சான் தரை ஜாதி. கோல் கம்பத்துக்குப் பின்னால், புழுதியில், துண்டை விரித்து உட்காருவார். உட்காருவார் என்பதும் பேச்சுக்குத்தான். வாரம் முழுக்க மருந்துக் கலவை அறையில் மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, சாமான்களைப் பூப்போல இறக்கி வைக்கிற மனிதர், மைதானத்துக்கு வந்தால் அத்தனை சத்தத்தையும் மொத்தமாக இறக்கிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டே ஆட்டம் சொல்வார். "ஆளுக எழும்பிக் கத்துனாக் கோலு. 'ச்சு'ன்னா கம்பத்துல பட்டிருச்சு. 'ஸ்ஸ்'னு சிரிப்பும் கலந்து வந்தா வலைக்கு வெளிப்பக்கம்" என்பார். அப்படிப்பட்டவருக்கு ஆயுளில் ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்தது: சோபாவில் இருந்து பார்த்தால் பந்து எப்படித் தெரியும்?

இது ஒரு பக்கம். மறுபக்கம், அவருடைய தங்கை சண்முகத்தாய்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு ஒரே மகள். பெயர் சொர்ணலட்சுமி. பெயரில் சொர்ணம் இருந்ததே தவிரக் காதில் வேப்பங்குச்சி கூட இல்லை. நாலு வருஷத்துக்கு முன், பிள்ளைக்கு மூன்று வயதில், காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனோ அன்று காலை விருதுநகரில் நடந்த பைனலில், "பாதி ஆட்டம் மட்டும் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று போனார். முதல் பாதியில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியிலும் விழவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மச்சானுக்குத் தெரியாது. சீர்த்தட்டோடு அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் போய், ஆசாரி போய், பந்தியும் எடுத்திருந்தது. மாமனுக்கு வைத்திருந்த மாலை மாட்டின் கழுத்தில் கிடந்தது. சண்முகத்தாய் வாசலுக்கு வந்தாள்.

"ஒம் மடி அந்தக் கோல் கம்பத்துக்கிட்டயே கெடக்கட்டும்ணே" என்றாள்.

அதுதான் அவள் அண்ணனிடம் கடைசியாகப் பேசியது.

வேறு யார் மடியிலும் உட்கார வைக்கவும் மாட்டேன் என்றுவிட்டாள். "எம்பிள்ளைக்கு மாமன் இல்லையா? இருக்கான். வரல. அம்புட்டுத்தான்." அதன் பிறகு மச்சான் நல்ல நாள் பார்த்துத் தட்டோடு போகும்போதெல்லாம் பாய் விரிப்பாள், சோறு போடுவாள், மீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதைத் தண்ணீர்ச் செம்பிடம் சொல்வாள். "ஏ செம்பு, இன்னுங் கொஞ்சம் சோறு வச்சுக்கிறச் சொல்லு." "ஏ செம்பு, இன்னைக்கு எங்கனயும் ஆட்டம் இல்லையாமா? கேட்டுச் சொல்லு." செம்பு எதையும் கேட்டுச் சொன்னதில்லை. தட்டு திரும்பி வந்துவிடும்.

பிள்ளைக்கு இப்போது ஏழு முடியப் போகிறது. காது குத்த ஒற்றைப்படை வயதுதான் ஆகும். இந்த வைகாசியை விட்டால் எட்டு. அப்புறம் ஒன்பதுவரை மூளிக்காது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அவளை 'மூளி' என்றுதான் கூப்பிட்டார்கள். சண்முகத்தாய் தினமும் காலையில் மகளுக்குக் காதை மறைத்துச் சடை பின்னி அனுப்பினாள். சடையைப் பின்னும்போது அழுவாள் என்று அவள் புருஷன் ஒருநாள் மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மச்சான் சாப்பிடவில்லை.

பத்திரிகை வந்த அன்று என்னை வாசிக்கச் சொல்லி அக்காள் கேட்டாள். 'சுபமுகூர்த்தம்' வரும்போது நிமிர்ந்தாள். 'சுற்றமும் நட்பும் சூழ' வரும்போது எழுந்துவிட்டாள்.

"இன்னொருக்க வாசி."

வாசித்தேன்.

"அச்சுலயே போட்டிருக்கா?"

"அச்சுலயேதான் போட்டிருக்கு. ஆனா அக்கா, அது அச்சாபீசுல..."

"நீ சும்மா இரு. அச்சுல வந்ததுக்கு மேல என்ன இருக்கு?"

படிப்பறிவில்லாதவர்கள் அச்சை நம்புகிற அளவுக்கு, காலேஜில் படிக்கிற நாங்கள் எதையும் நம்புவதில்லை. அக்காள் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தட்டில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

மஞ்சள் தடவிய பத்திரிகையை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணாலும் முடியாது. சண்முகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.

"யாருக்கு மதினி விசேஷம்?"

"ஒங்கண்ணனுக்குத்தான். சோபாவுல உக்கார வைக்கப் போறாக. தாசில்தார் பக்கத்துல. சுத்தத்தோட வரச் சொல்லி அச்சடிச்சுக் குடுத்திருக்காக. நாலு பெரிய மனுசனுக்கு நடுவுல, கூடப் பிறந்தவ ஒருத்தி இல்லாம ஒத்தையில உக்காந்திருந்தா ஊரு என்ன சொல்லும்? ஊர்க்காவலனுக்கு நாதியில்லன்னு சொல்லும்."

அண்ணனை வைகிற உரிமையைச் சண்முகத்தாய் தனக்கென்று வைத்திருந்தாள். அதில் ஊருக்குப் பங்கு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பத்திரிகையையே பார்த்தாள். பிறகு என் பக்கத்திலிருந்த செம்பிடம், "வருவேன். பேச மாட்டேன்னு சொல்லிரு" என்றாள்.

பாஸ் அதுதான் என்பதால் பத்திரிகையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். நாலு வருஷமாக அவள் வைத்திருந்த சின்னக் கம்மல்.

"மச்சான்ட்டச் சொல்லப் போறியா?"

"சொன்னா ராத்திரியெல்லாம் ஒறங்க மாட்டாக. மருந்து கலக்குற கை. அங்கன வந்து தெரிஞ்சுக்கிறட்டும்."

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருதுநகர் மைதானத்தின் சோபாப் பந்தலில், வரவேற்பு பாட்ஜ் குத்தி, பன்னீர்ச் செம்போடு நான் நின்றேன். பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தல்காரர் காலையில் வந்து, வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, கிழக்கே முதுகு காட்டிப் பந்தல் போட்டுவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் சூரியன் மேற்கே போய்விடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சோபாக்கள் மேற்கே பார்த்திருந்தன. மைதானமும் மேற்கே, சூரியனும் மேற்கே. சோபாக்களைப் பிரமுகர்கள் வீட்டிலிருந்தே இரவல் வாங்கியிருந்ததால், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சோபாவிலேயே வந்து உட்கார்ந்து, நெற்றியில் கைவைத்து, ஆட்டத்தை எதிர்பார்த்தார்கள்.

மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. அவருக்குப் பின்னால் அக்காள். அக்காளுக்குப் பின்னால் துணி மூடிய தட்டு. அதற்குப் பின்னால் சண்முகத்தாயும் சொர்ணலட்சுமியும். அதற்குப் பின்னால் பெரியப்பா முறையாகும் பெத்தணன். பிறகு கோடாங்கிபட்டிச் சொந்தம், எட்டூர்வட்டத்துச் சொந்தம். கடைசியாக, நட்பு என்ற வகையில், திருத்தங்கல் கருப்பணன் ஆசாரி, இடுப்பில் சின்னப் பையோடு.

மருந்து அறைக்குள் போகும் பழக்கத்தில் மச்சான் பந்தல் வாசலில் செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். வாசலில் ஒரு குவியல் சேர்ந்தது. அதைத் தாண்டி வரமுடியாமல் காரியதரிசி சங்கரபாண்டியன் நின்றார்.

"என்னய்யா ஊர்க்காவலன், இது என்ன கூட்டம்?"

"சுத்தமும் நட்பும்யா" என்றார் மச்சான். மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

சங்கரபாண்டியன் தம் பெயரில் அச்சாகியிருந்த வாசகத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார். என் பக்கம் திரும்பி, "தம்பி, பன்னீர் தெளிங்க" என்றார்.

ஒரு சோபாவும், அதைச் சுற்றிச் சமுக்காளமும் கிடைத்தன. பெத்தணன் சந்தனத்தைப் பூசிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏலே கோட்டைச்சாமி, இதுல நாம யாரு வீடு?"

"செவப்புச் சட்டை நம்ம வீடு. வெள்ளை மதுரைக்காரக."

"நடுவுல கருப்புச் சட்டையில நிக்கிறானே?"

"அவரு ரெண்டு வீட்டுக்கும் பொது."

"தரகனா?" என்றார் பெத்தணன். திருப்தியாகக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. மச்சான், அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவரைப் போலச் சோபாவின் நுனியில் இருந்தார். கண்ணுக்குள் வெயில். முன்னால் புழுதி. ஒரு தடவை தம்மை மறந்து, "எடத்துல தட்டுலே!" என்று கத்தினார். பக்கத்துச் சோபாவில் தாசில்தாரின் கையிலிருந்த கலர் சோடா, தாசில்தாரின் சட்டைக்கு மாறியது. அதற்குப் பிறகு மச்சான் கத்தவில்லை. கத்த வேண்டிய இடத்தில் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

அவரிடம் ஒரு பொறுப்பும் இருந்தது. கம்பெனி ஆள் சோலைச்சாமி, பந்தலுக்குப் பின்னால் காலி இடத்தில் அவுட்டுக் குழாய்களோடு நின்றான். பந்தல் துணி மறைப்பதால் அவனுக்கு ஆட்டம் தெரியாது. கோல் விழுந்தால் மச்சான் துண்டை உயர்த்த வேண்டும். இடைவெளி வழியாகப் பார்த்து அவன் திரியைப் பற்ற வைப்பான். அந்தத் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மச்சான் இருந்தார். ஆனால் அவர் பார்வை மூன்று தடவைக்கு ஒரு தடவை சமுக்காளத்துப் பக்கம் போனது. அங்கே சண்முகத்தாய் மைதானத்துக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு திசையில் முகத்தை வைத்திருந்தாள். சொர்ணலட்சுமிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

"மாமா, எல்லாரும் காலால ஒதைக்கிறாக. அந்தாளு மட்டும் ஏன் கையால பிடிக்கிறாரு?"

"அவரு கோல்கீப்பரும்மா. அவருக்கு மட்டும் அனுமதி."

"அவரு எங்களமாதிரி சின்னப் பிள்ளையா?"

"இல்லம்மா, பெரியவரு" என்ற மச்சான், காற்றில் விலகிய அவள் முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டார். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அக்காளின் கணக்கு, இடைவேளையில் காதைக் குத்திவிடுவது. ஆட்டமும் கெடாது. ஆனால் இடைவேளையைப் பிரமுகர்கள் தமக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் விளையாட்டும் ஒழுக்கமும் பற்றிப் பேசினார். அடுத்தவர் ஒழுக்கமும் விளையாட்டும் பற்றிப் பேசினார். தாசில்தார் ஈரச் சட்டையோடு எழுந்து, இருவரும் சொன்னதையே வழிமொழிந்தார். ஆட்டக்காரர்கள் நின்றுகொண்டே ஓய்வெடுத்தார்கள். பேச்சு முடிந்த நிமிஷமே விசில் ஊதிவிட்டது.

கருப்பணன் ஆசாரி அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். அக்காளிடம் குனிந்தார். "நல்ல நேரம் போகப் போகுது தாயி. பெறகு என்னையக் குத்தஞ் சொல்லாதீக."

அக்காள் தட்டின் மேலிருந்த துணியை எடுத்தாள். தேங்காய், பழம், வெல்லம், பொட்டுக்கடலை, சின்னப் பாவாடை. நடுவில் கம்மல்.

மச்சான் அதைப் பார்த்தார். ஆசாரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

சண்முகத்தாய்க்கும் புரிந்துவிட்டது. எழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் செம்பைத் தேடி, என் கையிலிருந்த பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டாள். "இங்கன வச்சா? பந்து வெளையாடுற எடத்துலயா? எம்பிள்ளைக்குக் கோயில் இல்லையா, கொளம் இல்லையா? கேளு அந்த மதினிய."

"நீதான சம்முகத்தா சொன்ன?" என்றாள் அக்காள், குரலை ஏற்றாமல். "ஒம் மடி அந்தக் கோல் கம்பத்துக்கிட்டயே கெடக்கட்டும்னு. நாலு வருசமாக் கெடக்கு. மடி அங்கேருந்து வர மாட்டேங்குது. பிள்ளைய மடிகிட்டக் கொண்டாந்துட்டேன்."

சண்முகத்தாய் பிள்ளையின் தோளைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுத்தாள்.

"கெழக்க பாத்து உக்காரணும்" என்றார் ஆசாரி.

மைதானம் மேற்கே. அங்கே அந்த நேரம் பார்த்து ஆட்டம் சூடேறியிருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நம்மூர் சென்டர் பார்வர்டு, பனைமர உயரம் இருப்பவன், பந்தை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தான். தரைக் கூட்டம் எழுந்து நின்றது. மச்சானின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து என்ன வரப் போகிறது என்று பந்தலில் நாங்கள் நாலைந்து பேர் மூச்சை விடாமல் நின்றோம். சண்முகத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சோபாவத் திருப்புங்கலே" என்றார் மச்சான்.

பெத்தணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கித் திருப்பினோம். தேக்குச் சோபா. எந்தப் பிரமுகர் வீட்டுடையதோ, நல்ல கனம். பந்தலில் எல்லாச் சோபாவும் மேற்கே பார்க்க, ஒரு சோபா மட்டும் அவற்றுக்கு எதிர்முகமாக, கிழக்கே பார்த்தது. ஆயுளில் கிடைத்த ஒரே சோபாப் பாஸில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மச்சான் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சொர்ணலட்சுமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தாசில்தாருக்கு வரவேற்பு வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள், தட்டையும் தேங்காயையும் பார்த்ததும், யாரும் சொல்லாமலே மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சங்கரபாண்டியன் தடுக்க வந்தார். வந்தவர் கையில் அக்காள் வெல்லமும் பொட்டுக்கடலையும் வைத்தாள். தின்றுகொண்டே எப்படித் தடுப்பது?

ஆசாரி இடது காதில் மஞ்சள் வைத்துக் குறி பார்த்தார்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. மச்சானின் கழுத்து நரம்பு துடித்தது. ஆனால் திரும்பவில்லை. பிள்ளை கம்பி பட்டு அலறினாள். அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கூச்சல். நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. எதிரே பந்தல் துணி. அதன் இடைவெளியில் திரியோடு சோலைச்சாமியின் முகம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

சண்முகத்தாய் அவருக்கு எதிரே நின்றாள். அவள் முகம் மேற்கே. அண்ணனுடைய முகத்தைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலே மைதானத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். செம்புக்காக என் பக்கம் கை நீட்டினாள். என் கையில் அப்போது தட்டுத்தான் இருந்தது. செம்பு எங்கேயோ உருண்டுவிட்டது.

"ஒரு கட்டையன் பந்தக் கொண்டுட்டு ஓடுறான்ணே" என்றாள்.

மச்சான் நிமிர்ந்தார். மேளத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்ன... என்ன சட்டை?"

"செவப்பு. நம்ம வீடு. அய்யோ, வெள்ளச் சட்டைக்காரன் குறுக்க விழுறான். இவன் தாண்டிட்டான். எந்திரிச்சுப் பின்னாலயே வர்றான் பாவி."

"எடத்துப் பக்கமா, வலத்துப் பக்கமா?"

"நம்ம சோத்துக்கைப் பக்கம். இப்ப அந்த நெட்டையன்ட்டக் குடுத்துட்டான். பனமரங்கெணக்கா இருக்கானே, அவன்ட்ட."

"சென்டர் பார்வர்டு" என்றார் மச்சான், மந்திரம் சொல்வதைப் போல. கண்ணை மூடிக்கொண்டார்.

"தரகன் கைய நீட்டுறான்ணே! எதுக்கு நீட்டுறான்? நம்ம பிள்ளையவா வைறான்?"

"நீட்டட்டும். நீ பந்தச் சொல்லு தாயி."

"விட்டுட்டான். இல்லை, வச்சிருக்கான். ஓடுறான். ரெண்டு பேரு மறிக்கிறாக. அண்ணே, அவனுக்கு வழியே இல்லையே! ஏலே நெட்டை, இந்தப் பக்கம் வாலே! வந்துட்டான்ணே, நாஞ் சொன்னது கேட்டுருச்சு..."

ஆசாரி வலது காதைப் பிடித்திருந்தார். குத்தவில்லை. அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசாரி, ஒம்ம வேலையப் பாரும்" என்றாள் அக்காள்.

"ஒதைச்சுட்டான்!" சண்முகத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். "வலையில விழுந்துருச்சுண்ணே! வல ஆடுது! கோலு! அண்ணே, கோலு!"

எனக்கு மைதானம் தெரிந்தது. பந்து கம்பத்தை ஒட்டி, வெளிப்பக்கமாகப் போய், பக்கவாட்டு வலையில் பட்டு, வலையை ஆட்டிவிட்டு விழுந்தது. பார்க்காதவர்களுக்கு, முக்கியமாக ஆயுளில் முதல் ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு, அது கோல் மாதிரிதான் இருக்கும். கூட்டம் எழும்பவில்லை. அதனிடமிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சத்தம் வந்தது. அதன் வாலில் மதுரைக்காரர்களின் சிரிப்பு.

மச்சான் கண்ணைத் திறந்தார். ஒரு கணம்தான். தங்கையின் தூக்கிய கைகளைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலைக்கு மேலே, அவரால் முடிந்த உயரத்துக்குத் தூக்கிச் சுழற்றினார்.

அவுட்டு கிளம்பியது. பகல் வெளிச்சத்தில் வானத்துக்குப் போய், பட்டென்று வெடித்து, பச்சையும் சிவப்புமாக இறங்கியது. சொர்ணலட்சுமி அழுகையை மறந்து, வாயைப் பிளந்து மேலே பார்த்தாள். அந்த வாகில் ஆசாரி வலது காதையும் முடித்துவிட்டார். கெட்டிமேளம் கொட்டியது. பெத்தணன் கையில் கிடைத்த அட்சதையை, பத்திரிகையில் கேட்டுக்கொண்டபடியே, ஆட்டக்காரர்களின் திசையிலும் கொஞ்சம் போட்டார்.

கோல் கிக் எடுக்கப்போன மதுரைக் கோல்கீப்பர், பந்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் மூன்று தடவை விசில் ஊதி, கோல் இல்லை என்று கையை ஆட்டினார். சங்கரபாண்டியன் வாயில் பொட்டுக்கடலையோடு ஓடி வந்தார்.

"ஏய்யா, கோலே விழுகல! வெடியப் போட்டுட்டீரே?"

மச்சான் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. மடியில் பிள்ளை இருந்தாள். காது இரண்டும் சிவந்து, கம்மல் மினுங்க, மாமன் நெஞ்சில் சாய்ந்திருந்தாள்.

"எந்தங்கச்சி பாத்தா" என்றார்.

"ஊரே பாத்துச்சய்யா!"

"எந்தங்கச்சி பாத்தாய்யா" என்றார் மறுபடியும். அதற்கு மேல் மேல்முறையீடு இல்லை என்பது சங்கரபாண்டியனுக்கே புரிந்துவிட்டது.

ஆட்டம் யாருக்கும் கோல் இல்லாமல் முடிந்தது. கடைசிவரை மச்சான் சோபாவைத் திருப்பவில்லை.

*

திருத்தங்கல் பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டுக் கிடைத்தது. சண்முகத்தாய் அன்று எங்கள் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். நேராக மச்சானிடமே சொல்லியிருந்தாள். சொர்ணலட்சுமி மாமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சடையைத் தூக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். காதில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் மணந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் மச்சான் உள்ளங்கையால் அந்தக் காதை மூடிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் சண்முகத்தாய் முன்னால் குனிந்தாள்.

"அண்ணே, அது கோலுதான?"

"எது?"

"நாஞ் சொன்னது. அந்த நெட்டையன் அடிச்சது. எல்லாரும் சிரிச்ச மாதிரி இருந்துச்சே."

நான் மச்சானைப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டம் சொல்கிறவர். கோல் சத்தத்துக்கும் 'ஸ்ஸ்'சுக்கும் வித்தியாசம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். உண்மையைக் கடைப்பிடிக்கும்படி அன்று சாயங்காலம்தான் இரண்டு பிரமுகர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் மச்சானின் வெறுங்கால் என் பாதத்தை அழுத்தமாக மிதித்தது. செருப்பு அவரிடம் இல்லை. பந்தல் வாசல் குவியலில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"சிரிச்சது மதுரைக்காரக" என்றார் மச்சான். "வயித்தெரிச்சல். சுத்தமான கோலு தாயி."

"நான் நெனச்சேன்" என்றாள் சண்முகத்தாய். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு மறுபடியும் முன்னால் குனிந்தாள்.

"அடுத்த ஆட்டம் என்னைக்குண்ணே?"